பின் சீட்டில் அறுபத்தைந்து கிலோ

எங்கள் ஊர் ஆண்களிடம் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் "ம்" என்பார்கள். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. பனி ஸ்கூட்டரின் பின்பக்க சஸ்பென்ஷன் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு கஞ்சியாகும்வரை பேசுவார்கள். மற்ற விஷயங்களில் நாங்கள் வாய்ச் சிக்கனம். "ஆமாம்" என்று சொல்லக்கூட ஒரு சொல்லைச் செலவழிக்க மாட்டோம். உதட்டைக் குவித்து மூச்சை விசுக்கென்று உள்ளே இழுப்போம், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் ஆஸ்துமா என்று நினைத்துப் பயந்துபோயிருக்கிறார்கள்.

சஸ்பென்ஷன் பேச்சுக்குத் தலைமைச் செயலகம் சீவெர்ட்டின் ஷெட். அது என் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. என் சமையலறை ஜன்னல் நேராக அதன் வாசலைப் பார்க்கிறது என்றால் அது வீட்டைக் கட்டிய என் மாமனாரின் பிழை. பக்கத்து ஜன்னல் ஏரியைப் பார்க்கிறது. அங்கே ஒரு தொலைநோக்கி வைத்திருக்கிறேன், பறவை பார்க்க. குளிர்காலத்தில் எங்கள் ஊரில் பறவைகள் குறைவு என்பது வேறு விஷயம்.

அந்தத் தொலைநோக்கியில்தான் மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்கோட்டின் வண்டியைப் பார்த்தேன். அல்கோட் மரம் வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறியபின் தனியாக இருக்கிறார். தனியாக இருப்பவருக்கு அக்கரைக்கு வாரம் இரண்டு தடவை என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அக்கரையில் குளிர்காலம் முழுக்கப் புகை வரும் வீடு ஒன்றே ஒன்றுதான், அது ஹில்லேவியின் வீடு என்பதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஊருக்கே தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் எங்கள் பண்பாடு.

அன்று வண்டியில் ஒரு தலைக்குப் பதில் இரண்டு தலை. உறைந்த ஏரியின் நடுவே பாதை, காக்கை முனை என்று நாங்கள் சொல்கிற நிலத் துருத்தலைச் சுற்றி வளைகிறது. முனைக்கு அப்பால் ஓடை வந்து விழுகிற இடத்தில் பனிக்கு அடியில் தண்ணீர் நிற்கும். அதனால்தான் பாதை வளைகிறது. அல்கோட்டின் வண்டி வளையவில்லை. அவர் ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பியது எனக்கே தெரிந்தது. வண்டி அதுபாட்டுக்கு நேராகப் போய், இளகிய பனியில் மூக்கைக் குத்திச் சாய்ந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு சிவப்புத் தொப்பி பறந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு பனியிலிருந்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் கையை வீசி வீசிப் பேசினார். மற்றவர் வண்டியின் அடியில் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் எவர் என்று சொல்லவும் வேண்டுமா?

அங்கே என்ன பேச்சு நடந்தது என்பதை ஹில்லேவியே பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவளுடைய மகன் ஊமியோ நகரத்தில் இருக்கிறான். அம்மா அக்கரையில் தனியாக விறகு பிளந்துகொண்டிருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. லிஃப்டும் பால்கனியும் உள்ள வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும். நனைந்த பூட்ஸோடு நின்று அவள் அல்கோட்டிடம் சொன்னது இதுதான்: "ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றது போதும். ஈஸ்டர் சனிக்கிழமை ஊரே மீன் பிடிக்கறப்ப உன் பின்னால உக்காந்து வரேன். அதுக்குள்ள இந்த வண்டி வளையணும். வளையலேன்னா நான் ஊமியோவுக்குப் போறேன்."

ஒரு வண்டி வளைவதை நம்பியா ஒரு பெண் மிச்ச வாழ்க்கையை முடிவு செய்வாள் என்று கேட்பீர்கள். பனிக்குள் கவிழ்த்துவிட்டு, கைகொடுத்துத் தூக்காமல் ஸ்பிரிங்கைப் பார்க்கிற ஆளைப் பற்றி அவள் வேறு எதை வைத்து முடிவு செய்வது?

மறுநாளே அல்கோட் வண்டியோடு சீவெர்ட்டின் ஷெட்டுக்கு வந்தார். நானும் இலவங்கப்பட்டை பன்னோடு போனேன். பன் கொண்டுவருகிறவளை எந்த ஷெட்டிலிருந்தும் துரத்த மாட்டார்கள்.

சீவெர்ட் எங்கள் ஸ்கூட்டர் சங்கத் தலைவர். கட்டிலில் மனைவி பக்கத்தில் படுத்த நேரத்தைவிடக் காங்கிரீட் தரையில் வண்டிக்கு அடியில் படுத்த நேரம்தான் அதிகம். அவருக்குத் துணை பொர்யே, பழைய தபால்காரர். ஷெட்டில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், காப்பி குடிப்பது.

"வளைய மாட்டேங்குது" என்றார் அல்கோட்.

சீவெர்ட்டுக்கு அதுவே போதுமாயிருந்தது. முன்னால் இரண்டு சறுக்குகள் பனியை அழுத்திக் கடித்தால்தான் வண்டி திரும்பும். பின்பக்கம் பாரத்தில் அமுங்கிப்போனால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்புறம் ஹேண்டில்பாரைத் திருப்புவதும் ஒன்றுதான், ரேடியோ குமிழைத் திருப்புவதும் ஒன்றுதான் என்று ஒரு பிரசங்கம் செய்தார். பிறகு படுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளுகிற பின் ரப்பர் பட்டைக்குள் இருக்கிற வாரை ஒரு துளை இழுத்துக் கட்டினார். அந்த வார் நீளமாக விட்டால் வண்டி மூக்கைத் தூக்கும், இழுத்துக் கட்டினால் மூக்கைத் தாழ்த்தும். எங்கள் ஊர்ச் சிலருக்கும் அப்படி ஒரு வார் இருந்தால் தேவலை.

சீவெர்ட் தானே ஏரியில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வண்டி பாம்பாக வளைந்தது. அல்கோட் மூச்சை உள்ளே இழுத்துவிட்டு ஓட்டிப்போனார். வெள்ளிக்கிழமை தொலைநோக்கியில் பார்த்தேன்: காக்கை முனையில் இரண்டு தலையோடு மறுபடியும் நேராக. நல்லவேளை, இந்தத் தடவை மெதுவாக ஓட்டியதால் கவிழவில்லை.

மறு வாரம் மறுபடியும் ஷெட். மறுபடியும் பன். சீவெர்ட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கைபட்ட வண்டியை "வளையல" என்று ஒருவர் சொல்வது, அவருடைய பிள்ளையைப் பற்றிச் சொல்வதைவிட மோசம்.

"நான் ஓட்டினா வளையுது. நீ ஓட்டினா வளையல. அப்ப கோளாறு எங்க இருக்கு?"

"சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல" என்றார் பொர்யே, கோப்பையிலிருந்து வாயை எடுக்காமல்.

அல்கோட் தரையைப் பார்த்தார். தரையில் எண்ணெய்க் கறை தவிர ஒன்றும் இல்லை. அதை நன்றாகப் படித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"சில நேரம் பின் சீட்ல பாரம் இருக்கும்."

"என்ன பாரம்?"

"மீன்."

நான் பன் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"எவ்வளவு?" என்றார் சீவெர்ட்.

"அறுபத்தஞ்சு கிலோ."

பொர்யே கோப்பையைக் கீழே வைத்தார். "நல்ல வேட்டை" என்றார்.

சீவெர்ட் சிரிக்கவில்லை. அவர் பார்வையில் பாரம் என்றால் பாரம். "கட்டி வச்ச பாரமா, அசையற பாரமா?"

"அசையும்."

"வளைவுல எந்தப் பக்கம் சாயும்?"

"எதிர்ப் பக்கம்" என்றார் அல்கோட். "பயப்படும்."

"உன் ஓட்டத்துக்கு எந்த மீன்தான் பயப்படாது" என்றார் பொர்யே.

அந்த ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த மீனின் பெயர் தெரியும். வயது தெரியும், அக்கரையில் எந்த வீடு என்று தெரியும், சிவப்புத் தொப்பி பின்னியது யார் என்பதுகூட எனக்குத் தெரியும். ஒரே ஒருவர் "அவ பேர் என்னப்பா" என்று கேட்டிருந்தால் அன்றே விஷயம் முடிந்திருக்கும். கேட்பார்களா? அதற்குப் பதில் மூன்று பெரிய மனிதர்கள் சேர்ந்து, தராசில் அளந்து அறுபத்தைந்து கிலோ மணலை மூட்டை கட்டி, பின் சீட்டில் ஏற்றி, பெல்ட் போட்டு உட்காரவைத்தார்கள். மூட்டைக்குத் தலையில் தொப்பி ஒன்றுதான் பாக்கி. சீவெர்ட் பின்பக்க ஸ்பிரிங் இரண்டையும் ஒரு படி இறுக்கினார், முன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினார். பிறகு மணல் மூட்டையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு ஏரியில் ஓட்டினார். வண்டி வளைந்தது. மணலுக்குப் பயமும் இல்லை போலிருக்கிறது.

அல்கோட் அந்த வாரம் முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுத்த வாரம், ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை, சிரிப்பு இல்லாமல் திரும்பி வந்தார். முன்னைக்கு இப்போது பரவாயில்லையாம்; ஆனாலும் முனை வளைவில் சறுக்குகள் லேசாகி, பாதையை விட்டு அகலமாகப் போகிறதாம். பின்னால் இருந்த மீன் அவர் முதுகில் குத்தியதாம்.

சீவெர்ட் ஸ்பேனரைத் துடைத்தார். ஸ்பிரிங் கணக்கு தப்பாது, மணல் கணக்கும் தப்பாது, ஆகவே மிச்சம் இருப்பது ஒன்றுதான் என்று விரல்விட்டுச் சொன்னார். "மீனோட எடை தப்பு."

அல்கோட்டின் காது சிவந்தது. "அது சொன்ன எடை."

"மீன் சொல்லுச்சா?" என்றார் பொர்யே.

"நிஜ எடையைக் கேட்டுட்டு வா" என்றார் சீவெர்ட். "இல்லேன்னா என்னால ஆகாது."

அல்கோட் காட்டில் கரடியைப் பார்த்தவர். நூறு வருஷத்து மரம் தன் பக்கம் சாய்ந்தபோது ஓடாமல் நின்றவர். ஒரு பெண்ணிடம் போய், நீ சொன்ன எடை பொய் போலிருக்கிறது, சரியாகச் சொல் என்று கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது? வண்டியை ஷெட்டிலேயே விட்டார். "சனிக்கிழமை நான் நடந்தே போயிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் தெருவில் போகிற அழகைப் பார்த்தால், வண்டியைப் புதைத்துவிட்டு வருகிறவர் மாதிரி இருந்தது.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் தலையிடக் கூடாது என்று எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வியாழக்கிழமை காலைவரை பொறுத்தேன். பிறகு, அடியில் சறுக்குக் கம்பிகள் வைத்த நாற்காலி வண்டியைப் பின்னால் நின்று காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு ஏரியைக் கடந்தேன்.

ஹில்லேவி காப்பி வைத்திருந்தாள். மேசைமேல் பழைய செய்தித்தாள்கள், பாதி சுற்றிய பீங்கான் தட்டுகள், தரையில் ஒரு அட்டைப் பெட்டி. நான் பெட்டியைப் பார்த்ததை அவள் பார்த்தாள். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி உட்கார்ந்தோம். எங்கள் ஊர் வழக்கப்படி காப்பிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக்கொண்டே ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அல்கோட் வண்டிதான். அந்த மீனால ஒரே தொல்லை."

"எந்த மீன்?"

"பின் சீட்ல வருமாமே. அறுபத்தஞ்சு கிலோ."

கரண்டியில் எடுத்த பாலாடைக்கட்டி அவள் வாய்வரை போய் நின்றது. "மீனுன்னா சொன்னார்? எல்லார் முன்னாலயும்?"

நான் மூச்சை உள்ளே இழுத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அறுபத்தஞ்சை சீவெர்ட் நம்பல" என்றும் சேர்த்தேன்.

ஹில்லேவி கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். ஒரு தட்டை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினாள். முன்பு சுற்றியதைவிட இறுக்கமாக. பானையில் பாதிக் காப்பி இருக்கும்போதே காப்பி தீர்ந்துவிட்டது என்றாள். எங்கள் பக்கத்தில் அதைவிடக் கடுமையாக யாரையும் வெளியே அனுப்ப முடியாது.

திரும்புகிற வழியில் காற்று எதிர்க்காற்று. உதைக்க உதைக்க, ஊமியோவில் பால்கனியில் நின்று கார்களை எண்ணுகிற ஹில்லேவிதான் கண்ணில் தெரிந்தாள். அல்கோட் மூன்று வாரம் பாடுபட்டுக் காப்பாற்றியதை நான் ஒரு கோப்பைக் காப்பியில் கவிழ்த்துவிட்டேன் போலிருந்தது.

பெரிய வெள்ளி அன்று எங்கள் ஊரில் யாரும் வேலை செய்வதில்லை. அதனால் சீவெர்ட்டின் ஷெட்டில் வேலை நடக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேர் வேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்கோட் வண்டியை எடுத்துப்போக வந்திருந்தார். விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்று பொர்யேயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பன் சுடவில்லை, சுடுகிற மனநிலை இல்லை. கடையில் வாங்கியதைக் கொண்டுபோயிருந்தேன்.

வாசல் இருண்டது. ஹில்லேவி நின்றாள். காலில் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு ஏரியைக் கடந்து வந்திருக்கிறாள். கன்னம் இரண்டும் சிவப்பு. முழுப் பனி உடுப்பு, முழங்கால்வரை பூட்ஸ், முதுகில் பெரிய பை, கையில் ஹெல்மெட். யாருக்கும் வணக்கம் இல்லை. நேராக வண்டியிடம் போனாள், காலைத் தூக்கிப் போட்டாள், பின் சீட்டில் உட்கார்ந்தாள், ஹெல்மெட்டை மாட்டினாள்.

"அளங்க" என்றாள்.

பொர்யேயின் கோப்பை சாய்ந்து காப்பி அவர் முழங்காலில் சொட்டிக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

"நீயும் ஏறு, அல்கோட். மீன் தனியா வண்டி ஓட்டாது."

அல்கோட் ஏறினார். பலிபீடத்தில் ஏறுகிற ஆடுகூட அதைவிட உற்சாகமாக ஏறும். சீவெர்ட்தான் முதலில் தெளிந்தார். அவருக்கு முன்னால் ஒரு வண்டியும் அதன்மேல் ஒரு பாரமும் இருந்தால் வேறு எதுவும் கண்ணில் படாது. டேப்பை எடுத்தார். பின் பம்பரிலிருந்து தரைவரை அளந்தார். இரண்டு பேரையும் இறங்கச் சொல்லி, பம்பரைத் தூக்கிவிட்டு அளந்தார். மறுபடி ஏறச் சொன்னார், மறுபடி அளந்தார்.

"ரொம்ப எறங்குது" என்றார், யாரையும் பார்க்காமல்.

"எறங்கத்தான் செய்யும்" என்றாள் ஹில்லேவி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "நான் சொன்னது குளியலறைத் தராசுல வெறுங்காலோட நின்ன எடை. இந்த உடுப்பு என்ன எடை? இந்த பூட்ஸ்? பைக்குள்ள பிளாஸ்க் இருக்கு, வாணலி இருக்கு, ஊருக்கே போடற அளவுக்குப் பாலாடைக்கட்டி இருக்கு. இதை ஒருத்தர் கேட்டீங்களா? மூணு வாரமா மணலை ஏத்தி எறக்கியிருக்கீங்க. ஏரிக்கு அந்தப் பக்கம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே வந்து உக்காந்திருப்பேன்."

பொர்யே எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நான் ஒரு பன்னை அதில் வைத்தேன்.

சீவெர்ட் தரையில் படுத்தார். உடுப்போடும் பூட்ஸோடும் வைத்துத்தான் எதையும் அளக்க வேண்டும் என்பது சங்கத்து உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் அவரே சொல்லிக்கொடுத்த பாடம். மணலுக்கு உடுப்பு போட அவருக்குத் தோன்றவில்லை. அந்த அவமானத்தை ஸ்பிரிங்கின் மேல் காட்டினார்; இரண்டு பக்கமும் இரண்டு படி இறுக்கினார். எழுந்து வந்து மறுபடி அளந்தார், தலையை ஆட்டினார்.

"வளைவுல உள்பக்கம் சாயணும். ஓட்டறவரோட சேந்து. அவரைப் பிடிச்சுக்க."

ஹில்லேவி அல்கோட்டின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டாள். "இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் முன்னால. கிட்ட வந்தாத்தான் சறுக்குல பாரம் விழும்."

அவள் கிட்ட வந்தாள். பொர்யேவுக்குத் திடீரென்று கூரையில் பார்க்க நிறைய இருந்தது. நான் மட்டும் எதையும் தவறவிடவில்லை. ஒருவராவது பொறுப்பாக இருக்க வேண்டும் அல்லவா?

சீவெர்ட் ஸ்பேனரை அதன் ஆணியில் மாட்டப் போனவர், பாதியில் திரும்பினார். வேலையைப் பாதியில் விடுகிறவர் இல்லை அவர்.

"இது ரெண்டு பேருக்கான அளவு. தனியா ஓட்டினா ஹேண்டில் கனக்கும், பின்பக்கம் குதிரை மாதிரி உதைக்கும். தனி ஆளுக்குன்னா பழையபடி தளர்த்தணும். தினம் தினம் மாத்திக்கிட்டிருக்க என்னால முடியாது. எந்த அளவுல விடட்டும்?"

அவர் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் கேட்டார், சத்தியமாக. அந்த மனிதர் மனதில் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டுவிட்டார். மூன்று வாரமாக ஊரில் ஒருவரும் கேட்காததைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக ஸ்பேனரோடு நின்றார்.

அல்கோட் ஹேண்டில்பாரைப் பார்த்தார். எண்ணெய்க் கறையைப் பார்த்தார். மீன் என்று சொல்லுவாரோ, பாரம் என்று சொல்லுவாரோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் சீட்டில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார். அந்தக் கனத்த உடுப்பில் அது சுலபம் இல்லை.

"ஹில்லேவி" என்றார். எங்கள் எல்லார் காதிலும் விழும்படி. "எந்த அளவுல விடச் சொல்லட்டும்?"

ஹில்லேவி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அவரைப் பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்து, மூச்சை விசுக்கென்று உள்ளே இழுத்தாள்.

"அப்ப இப்படியே இருக்கட்டும்" என்றார் சீவெர்ட். ஸ்பேனரை ஆணியில் மாட்டினார்.

ஈஸ்டர் சனிக்கிழமை ஊரே ஏரியில் இருந்தது. கலைமான் தோலை விரித்து, பனியில் துளை போட்டு, தூண்டிலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தோம். எல்லாருடைய முதுகும் துளைப் பக்கம், முகம் காக்கை முனைப் பக்கம். பொர்யேயின் தூண்டிலை ஒரு மீன் இழுத்து இழுத்துச் சலித்து விட்டுவிட்டுப் போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனைக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. வண்டி வந்தது. இரண்டு தலையும் ஒன்றாக உள்பக்கம் சாய்ந்தன, சறுக்குகள் பனியைக் கடித்தன, பாதையின் கோட்டை விட்டு ஒரு விரல்கூட விலகாமல் வளைந்து எங்கள் முன்னால் வந்து நின்றது. சிவப்புத் தொப்பி ஹெல்மெட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

ஒருவரும் கை தட்டவில்லை. நாங்கள் என்ன நாடகமா பார்த்தோம்?

"அரைப் படி அதிகம்" என்றார் சீவெர்ட். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது பனி வெளிச்சத்தால்தான் இருக்கும்.

ஹில்லேவி பையைத் திறந்தாள், வாணலியைத் தீயில் வைத்தாள், எல்லாருக்கும் காப்பி ஊற்றினாள். என்னிடம் வந்தபோது என் கோப்பையில் இரண்டு துண்டுப் பாலாடைக்கட்டி கூடுதலாகப் போட்டாள். "பறவை நல்லாத் தெரிஞ்சுதா, குன்வோர்?" என்றாள்.

நான் மூச்சை உள்ளே இழுத்தேன். வேறு என்ன சொல்ல?

ஒரு வருத்தம் எனக்கு உண்டு. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த செய்தி, நான் யாரிடமாவது சொல்வதற்கு முன்பே ஊரறிந்து செத்துப்போய்விட்டது. ஊமியோவில் அந்த லிஃப்ட் வைத்த, பால்கனி வைத்த வீடு இப்போது யாருக்குப் போயிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.